3 கிலோவாட் சோலார்: இருக்கிற டியூபுலர் பேட்டரி போதுமா, லித்தியத்துக்குப் போகலாமா?

டெல்டாவீடு (கேள்வி):
பட்டுக்கோட்டை பக்கம் மாடி வீடு, சிங்கிள் பேஸ். இரண்டு மாத பில் 600 முதல் 640 யூனிட். 1.5 டன் ஏசி ஒன்று, ஃப்ரிட்ஜ், ஆறு ஃபேன், 1 எச்பி போர் மோட்டார். மொட்டை மாடியில் நல்ல வெயில் படும் இடம் 350 சதுர அடி. மாலை 3 மணிக்கு மேல் தண்ணீர்த் தொட்டி நிழல் மேற்கு ஓரத்தில் விழும். இப்போது 24 வோல்ட் யூபிஎஸ், 150 ஏஎச் (ஆம்ப்பியர்-அவர்) டியூபுலர், அதாவது ஈய-அமில பேட்டரி, இரண்டு இருக்கிறது, வாங்கி ஒன்றரை வருடம். கட் ஆனால் ஒரு மணி, இரண்டு மணி நேரம். புயல் வந்தால் சொல்ல முடியாது.

இரண்டு கொட்டேஷன் வந்திருக்கிறது. ஒன்று 3 கிலோவாட் ஆன்கிரிட் (பேட்டரி இல்லாமல் ஈபி லைனோடு ஓடுவது). இன்னொன்று ஹைப்ரிட் (ஈபி லைனோடு பேட்டரியும் சேர்வது), 51.2 வோல்ட் 100 ஏஎச் லித்தியத்தோடு. பேட்டரி மட்டும் 90,000 ரூபாய் கூடுதல். "ராத்திரி முழுக்க பேட்டரியில் ஓடும், பில்லே வராது" என்கிறார்கள். எதை எடுப்பது?

யூனிட்கணக்கு:
பில்லைக் குறைப்பது பேனல், கட் நேரத்தைத் தாண்ட வைப்பது பேட்டரி. இரண்டையும் ஒரே கணக்கில் போட்டுத்தான் விற்கிறார்கள், பிரித்துப் பாருங்கள்.

நம் ஊர் வெயிலுக்கு 1 கிலோவாட் வருட சராசரியாக நாளுக்கு 4 யூனிட் தரும். ஐப்பசி, கார்த்திகையில் அதில் பாதிகூட வராத நாட்கள் உண்டு. 3 கிலோவாட் என்றால் இரண்டு மாதத்துக்கு 720 யூனிட், உங்கள் செலவைத் தாண்டிவிடும். 2 கிலோவாட் என்றாலே 480 வரும்; மிச்சம் 140 யூனிட்தான், அதிலும் வீட்டு இணைப்புக்கு முதல் 100 இலவசம். இன்னொரு ஏசி வாங்கும் எண்ணம் இல்லாவிட்டால் 2 கிலோவாட்டே போதும். மத்திய அரசின் பிஎம் சூர்ய கர் சோலார் மானியமும் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000, மூன்றாவதற்கு 18,000 மட்டும். 3க்கு மேல் எவ்வளவு போட்டாலும் 78,000தான். மானியத்துக்கு இந்தியாவில் செய்த செல் உள்ள டிசிஆர் பேனல் கட்டாயம், கொட்டேஷனில் அந்த வார்த்தை இருக்கிறதா பாருங்கள்.

இப்போது பேட்டரி. 51.2 × 100 = 5.12 யூனிட். 80 சதவீதம் பயன்படுத்தினால் 4. 3,000 சுற்று (ஒருமுறை ஏற்றி இறக்குவது ஒரு சுற்று) வருகிறது என்று வைத்தால் மொத்தம் 12,000 யூனிட். 90,000ஐ வகுத்தால் யூனிட் 7.50 ரூபாய். ஏற்றி இறக்குவதில் 10 முதல் 15 சதவீதம் நஷ்டம் வேறு. நெட் மீட்டரில் (ஈபிக்குக் கொடுத்ததை எடுத்ததில் கழிக்கும் மீட்டர்) பகலில் கொடுத்த ஒரு யூனிட் இரவில் ஒரு யூனிட்டாகவே கழிகிறது. அப்படி இருக்க தினமும் பேட்டரியைத் தேய்ப்பதில் உங்களுக்கு ஒரு பைசா லாபம் இல்லை. ஏசியை இரவு முழுக்க ஓட்டினால் 5 முதல் 8 யூனிட் இழுக்கும், அந்தப் பேட்டரி தாங்கவும் தாங்காது.

மலிவான வழி: ஆன்கிரிட் போடுங்கள், யூபிஎஸ்ஸும் டியூபுலரும் இப்போது இருப்பது போலவே இருக்கட்டும். 24 × 150 = 3.6 யூனிட்டில் பாதியை எடுத்தால், இன்வெர்ட்டர் நஷ்டம் போக ஒன்றரை யூனிட். 350 வாட் லோடுக்கு நான்கு மணி நேரம். கட் ஆனால் ஆன்கிரிட் இன்வெர்ட்டரும் நின்றுவிடும், லைனில் வேலை செய்பவர் உயிருக்காக அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். பகலில் ஒரு மணி நேரக் கட்டில் பேனல் தராமல் போவது ஒன்றரை, இரண்டு யூனிட். அதற்காக 90,000 வேண்டாம்.

மாடிவேலை:
கணக்கு சரி. ஸ்ட்ரக்சரைப் பற்றி யாரும் கேட்பதில்லை, நான் சொல்லிவிடுகிறேன். புயல் பாதையில் இருக்கிறீர்கள். கீழே புழங்க இடம் வேண்டும் என்று 8 அடி உயரத்தில் ஏற்றினால் காற்று அடியில் புகுந்து மேலே தூக்கும். முன்பக்கம் ஒன்றரை அடி உயரம், 10 டிகிரி சாய்வு, தெற்கு பார்த்து. உங்கள் அட்சரேகைக்கு அதுவே சரி. ஹாட் டிப் கால்வனைஸ் செய்த இரும்பு, எஸ்எஸ் 304 (துருப்பிடிக்காத எஃகு) போல்ட். தளத்தில் வெறும் ஆங்கர் போல்ட் அடித்தால் ஓட்டை வழியே மழைநீர் இறங்கும். கெமிக்கல் ஆங்கர் போட்டு அதன் மேல் கான்கிரீட் பீடம் கட்டச் சொல்லுங்கள். ஐஎஸ் 875 பகுதி 3 காற்றுச் சுமைக் கணக்கை எழுத்தில் கேளுங்கள். தர மறுப்பவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.

3 கிலோவாட்டே எடுத்தாலும், 540 வாட் பேனல் ஆறு என்றால் 3.24 கிலோவாட், சுமார் 170 சதுர அடி. இடம் இருக்கிறது, அதனால் தொட்டியை விட்டுக் கிழக்கே தள்ளி வையுங்கள். ஒரே சீரிஸில் இருக்கும்போது பேனலுக்குள் இருக்கும் பைபாஸ் டயோடு நிழல் பட்ட பகுதியைத் தாண்டிப் போகும், ஆனாலும் ஒரு பேனலில் மூன்றில் ஒரு பங்கு மின்சாரம் போய்விடும்.

டிசி பக்கம் (பேனலில் இருந்து இன்வெர்ட்டர் வரை) 4 சதுர மில்லிமீட்டர் சோலார் ஒயர். பேனல் ஒயரை இணைக்கும் எம்சி4 கனெக்டர் இரண்டு பக்கமும் ஒரே கம்பெனி. வேறு வேறு போட்டால் இடைவெளி விட்டு சூடாகி உருகும். டிசிடிபியில் (டிசி பக்கத்துப் பெட்டி) ஏசி மின்சாரத்துக்கான எம்சிபி பிரேக்கர் போட்டிருந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள், 300 வோல்ட் டிசி ஆர்க் அதில் அணையாது, பெட்டியே எரியும். எர்த் குழி மூன்று: இடிதாங்கிக்கு, டிசி பக்கத்துக்கு, ஏசி மின்சாரப் பக்கத்துக்கு.

டெல்டாவீடு:
நன்றி சார். கஜா புயல் சமயத்தில் இங்கே வாரக்கணக்கில் கரண்ட் இல்லை, அதுதான் மனதில் இருக்கிறது. அதற்காக ஹைப்ரிட் எடுத்தால் பழைய டியூபுலரையும் லித்தியத்தோடு சேர்க்கலாமா?

யூனிட்கணக்கு:
அப்படியென்றால் முடிவு மாறுகிறது. 2018 நவம்பர் 16 போல ஒன்று வந்தால் ஆன்கிரிட் பேனல் மாடியில் சும்மா கிடக்கும். இப்போதே 48 வோல்ட் ஹைப்ரிட் இன்வெர்ட்டர் போடுங்கள், பேட்டரி பின்னால். டியூபுலர் இன்னும் மூன்று வருடம் ஓடும், அதன் பிறகு லித்தியம். ஆனால் பேட்டரி இல்லாமல் பேக்கப் தராத மாடல்தான் அதிகம், அதுவரை யூபிஎஸ் இருக்கட்டும். முதலில் ஆன்கிரிட் போட்டுவிட்டுப் பிறகு மாற்றினால் இன்வெர்ட்டர் காசும் வீண், ஈபி அனுமதிக்கும் திரும்ப அலைய வேண்டும்.

இரண்டு பேட்டரியையும் சேர்க்கவே கூடாது. வோல்ட்டேஜ் வளைவு வேறு. ஒன்று நிரம்பும்போது மற்றது பட்டினி கிடக்கும்.

ஒயரிங்:
ஹைப்ரிட் என்றால் பேக்கப் லைனைத் தனி டிபி பெட்டியாகப் பிரியுங்கள்: ஃப்ரிட்ஜ், நாலு ஃபேன், லைட், வைஃபை. மின்சாரம் குறைவாக இழுக்கும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட்தான், பழையது 75. மொத்தம் சராசரி 240 வாட்டுக்குள் வைத்தால் 5 யூனிட் பேட்டரி 15 மணி நேரம் வரும், லேசான மேகமூட்டத்திலும் 4 யூனிட் ஏறிவிடும். போர் மோட்டாரை அதில் சேர்க்காதீர்கள், ஸ்டார்ட் ஆகும்போது பல மடங்கு ஆம்ப்பியர் இழுத்து இன்வெர்ட்டரை டிரிப் ஆக்கும்.

பேக்கப் நியூட்ரலும் ஈபி நியூட்ரலும் எங்கேயும் கலக்கக் கூடாது. கலந்தால் ஆர்சிசிபி (கசிவு வந்தால் விழும் பாதுகாப்பு சுவிட்ச்) காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும், எலக்ட்ரீஷியனும் கடைசியில் அதை பைபாஸ் செய்துவிட்டுப் போவார். ஈபி இல்லாதபோது இன்வெர்ட்டர் தன் நியூட்ரலை எர்த்தோடு இணைக்கிறதா என்றும் கேளுங்கள். இணைக்காவிட்டால் ஷாக் அடித்தாலும் ஆர்சிசிபி விழாது.

லித்தியம் வாங்கும்போது உங்கள் இன்வெர்ட்டர் கம்பெனியின் பொருத்தப் பட்டியலில் இருக்கிற மாடலையே வாங்குங்கள், இல்லையென்றால் பேட்டரிக்குள் இருக்கும் பிஎம்எஸ் (கண்காணிப்பு போர்டு) இன்வெர்ட்டரோடு பேசாது. 16 செல் எல்எஃப்பிக்கு (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) இன்வெர்ட்டர் செட்டிங்கில் சார்ஜ் 56 வோல்ட், ஃப்ளோட் (நிரம்பிய பின் வைக்கும் வோல்ட்டேஜ்) 54, டியூபுலருக்கான ஈக்வலைசேஷன் ஆஃப். வந்த அன்றே முழுக்க ஏற்றி, ஒரு கிலோவாட் லோடு போட்டு இறக்கிப் பாருங்கள்: இன்வெர்ட்டர் வெளியே நாலரை யூனிட் பக்கம் வர வேண்டும். மூன்றோடு நின்றால் செல் மட்டமானது, அன்றே திருப்பி அனுப்புங்கள். தகர ஷீட் போட்ட மாடி அறையில் மட்டும் வைக்காதீர்கள், சித்திரை வெயிலில் பேட்டரி ஆயுள் அங்கேயே கரையும்.