லீக்கை மறுபடி தொடங்கணுமா? சுங்கை சிப்புட் பந்து ரசிகர்கள் பதில் சொல்லுங்க

சிவப்பு1990
20 மே 2020, இரவு 10.12

இங்கிலாந்துல நேத்து பயிற்சி ஆரம்பிச்சாச்சு. அஞ்சஞ்சு பேரா, ஒருத்தரை ஒருத்தர் தொடாம. கொரோனாவால மார்ச் 13ல நிறுத்தின பிரீமியர் லீக்ல இன்னும் 92 ஆட்டம் பாக்கி. லிவர்பூல் 29 ஆட்டத்துல 82 புள்ளி, அடுத்து நிக்கிற மான்செஸ்டர் சிட்டியை விட 25 கூட. ரெண்டு வெற்றி போதும், கிண்ணம் நமக்கு. கடைசியா வாங்கினது 1990ல, நான் பிறக்கிறதுக்கு முன்னாடி.

சீசனையே ரத்து பண்ணிட்டு, ஆடினதெல்லாம் ஆடாத மாதிரி விட்டுடலாம்னு நம்ம டவுன்லயே சில பேர் பேசுறாங்க. எனக்கு அது நியாயமாப் படல. ஜெர்மனியில சனிக்கிழமை தொடங்கிட்டாங்க. டோர்ட்முண்ட் 4–0, முதல் கோல் ஹாலண்ட். கோல் அடிச்சதும் யாரையும் கட்டிப்பிடிக்காம தனியா நின்னுதான் கொண்டாடினார். அரங்கத்துல ஆள் இல்ல, எல்லாருக்கும் பரிசோதனை, மாற்று ஆட்டக்காரர் அஞ்சு பேரை இறக்கலாம்னு விதியையும் மாத்திட்டாங்க. கொரியாவுல மே 8ல இருந்தே ஆட்டம் நடக்குது. இவ்வளவு ஏற்பாடு செஞ்சு ஆட முடியும்னா ஆடித்தான் முடிக்கணும். வேண்டாம்கிறவங்க காரணத்தோட எழுதுங்க.

பாடாங்_பின்வரிசை
20 மே, இரவு 10.40

தம்பி, உன் ஆசை எனக்குப் புரியுது. ஆனா நேத்து வந்த இன்னொரு செய்தியை நீ எழுதல. 748 பேரைப் பரிசோதிச்சதுல மூணு கிளப்புல ஆறு பேருக்கு நோய் இருக்கு. இது இன்னும் ஒரு ஆட்டம்கூட ஆடாம வீட்டுல இருந்தவங்க கணக்கு. அந்த நாட்டுல செத்தவங்க 35 ஆயிரத்தைத் தாண்டியாச்சு. சிட்டி பயிற்சியாளர் கார்டியோலாவோட அம்மா ஏப்ரல்ல இதே நோய்லதான் போனாங்க.

வாட்ஃபோர்ட் கேப்டன் டிராய் டீனி பயிற்சிக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டார். அஞ்சு மாசக் கைக்குழந்தை, மூச்சுக் கோளாறு. அந்த மனுஷன்கிட்ட போய் 'ரெண்டு வெற்றிதான் பாக்கி'ன்னு உன்னால சொல்ல முடியுமா? நான் தோட்டத்துல வேலை செய்றவன். வேலைக்குப் போயிட்டு வந்து பிள்ளையைத் தூக்கப் பயந்துகிட்டு வாசல்லயே குளிக்கிற ஆளுங்க எங்க லயத்துல இருக்காங்க. அதனாலதான் கேக்கிறேன்.

கிராணிமகன்
20 மே, இரவு 11.05

இருவரும் மனத்தால் பேசுகிறீர்கள். தவறில்லை. பணத்தையும் பார்க்க வேண்டும்.

சீசன் முடியாவிட்டால் ஒளிபரப்பு நிறுவனங்களுக்கு 762 மில்லியன் பவுண்டு வரை திருப்பிக் கொடுக்க வேண்டி வரும் என்று செய்தி வந்திருக்கிறது. அந்த இழப்பு முதலில் டீனியின் தலையிலோ லிவர்பூல் நட்சத்திரம் சாலாவின் தலையிலோ விழாது. புல் வெட்டுபவர், டிக்கெட் முகப்பில் இருப்பவர், உணவுக் கடை போடுபவர், அவர்கள் தலையில்தான் விழும். லிவர்பூலே ஏப்ரல் மாதம் ஆட்டக்காரர் அல்லாத ஊழியர்களின் சம்பளத்துக்கு அரசாங்க உதவியைக் கேட்கப் போய், ரசிகர்கள் கொதித்த பிறகு இரண்டே நாளில் பின்வாங்கியது. அவ்வளவு பெரிய கிளப்புக்கே அந்த எண்ணம் வந்தது என்றால் சின்னக் கிளப்புகளின் நிலையை யோசியுங்கள்.

நிறுத்திய நாடுகளில் நியாயம் கிடைத்ததா? ஹாலந்தில் ஆயக்சும் ஏ.இசட்.டும் ஆளுக்கு 56 புள்ளி. சாம்பியன் யாரும் இல்லை என்று முடித்தார்கள். கீழ் டிவிஷனில் முதலிடத்தில் இருந்த கம்பூர் மேலே ஏறவில்லை. பிரான்சில் பத்து ஆட்டம் மிச்சம் இருக்கும்போதே அமியான் அணியைக் கீழ் டிவிஷனுக்கு இறக்கிவிட்டார்கள், அவர்கள் நீதிமன்றம் போகிறார்கள். நிறுத்தினால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும் என்பது தப்புக் கணக்கு.

இரவுப்பணி
21 மே, காலை 8.20

இப்பதான் வேலை முடிஞ்சு வந்தேன். ஈப்போவுல ஒரு மருத்துவமனையில நர்ஸ். நான் மான்செஸ்டர் யுனைடெட் ரசிகை, அதனால லிவர்பூல் தம்பிக்காகப் பரிஞ்சு பேசுறேன்னு யாரும் நினைக்க மாட்டீங்க.

சனிக்கிழமை ராத்திரி எனக்கு லீவு. டோர்ட்முண்ட் ஆட்டத்தை முழுசா பார்த்தேன். ரெண்டு மாசமா டி.வி.யில சுகாதாரத் தலைமை இயக்குநர் டாக்டர் நோர் ஹிஷாம் சாயங்காலம் சொல்ற எண்ணிக்கையைத் தவிர வேற எதையும் உருப்படியா பார்க்கல. அந்த ஒன்றரை மணி நேரம் என் தலைக்குள்ள வார்டு இல்ல. அதனால பந்து தேவையில்லாத ஒண்ணுன்னு யாராவது சொன்னா நான் ஒத்துக்க மாட்டேன்.

ஆனா பரிசோதனை பரிசோதனைன்னு சுலபமா எழுதுறீங்களே, அதைப் பத்திக் கொஞ்சம் சொல்லணும். அந்தக் குச்சி மூக்கு நுனியில தடவுறது இல்ல. உள்ள போய்த் தொண்டைக்கு மேல முட்டுற வரைக்கும் விட்டு, சுத்தி, அப்புறம்தான் எடுக்கணும். பெரிய ஆம்பளைங்களுக்கே கண்ணுல தண்ணி கொட்டும், சிலர் அனிச்சையா நம்ம கையைப் பிடிச்சுத் தள்ளுவாங்க. எடுக்கிறவ முழு உடுப்புல வேர்த்து நிப்பா. கையுறையை ஒவ்வொருத்தருக்கும் மாத்தணும். அப்புறம் அதை லேப்ல ஒருத்தர் உட்கார்ந்து பார்க்கணும். ஜெர்மனியில ஆட்டம் தொடங்குறதுக்கு முன்னாடியே 36 கிளப்புக்கு 1,724 பரிசோதனை. பத்துப் பேருக்கு இருந்துச்சு. இதை வாரத்துக்கு ரெண்டு தடவை செய்யணும்னா அத்தனை ஆள், அத்தனை உடுப்பு, அத்தனை லேப் நேரம் எங்கிருந்தோ வரணும். முதியோர் இல்லத்துல இருக்கிறவங்களுக்கு எடுத்து முடிச்சு, அதுக்கப்புறம் மிச்சம் இருந்தா பந்துக்கு எடுங்க. அது என் முதல் நிபந்தனை.

ரெண்டாவது, வரமாட்டேன்னு சொல்றவரை விட்டுடணும். சம்பளம் பிடிக்கக் கூடாது, பேர் கெடுக்கக் கூடாது. எங்களுக்கு அப்படிச் சொல்ற வசதி இல்ல, நாங்க போகலன்னா ஆள் செத்துப்போகும். பந்துக்கு அந்த அவசரம் இல்லியே.

சிவப்பு1990
21 மே, காலை 9.02

அக்கா, முதல்ல பசியாறிட்டுத் தூங்குங்க. நீங்க சொன்ன ரெண்டு நிபந்தனையையும் நான் ஏத்துக்கிறேன். ரெண்டாவது ஏற்கெனவே நடக்குது. செல்சியில காண்டே வீட்டுலயே பயிற்சி செய்யட்டும்னு கிளப் விட்டிருக்கு.

கட்டுப்பாடு எவ்வளவு இறுக்கமா இருக்குன்னும் பாருங்க. ஆக்ஸ்பர்க் பயிற்சியாளர் பற்பசை வாங்க ஹோட்டலை விட்டு வெளிய போயிட்டார். அந்த ஒரு தப்புக்கு அவர் முதல் ஆட்டத்துல பெஞ்சுல உட்காரல. ஹெர்த்தா பெர்லின்ல காலூ எல்லாருக்கும் கை கொடுத்து வீடியோ போட்டார், கிளப் அவரை நிறுத்தி வச்சிருச்சு. நம்ம சந்தையில இந்த அளவுக்கு யார் கவனமா இருக்கா?

பாடாங்_பின்வரிசை
21 மே, காலை 9.30

அதே ஜெர்மனியில டைனமோ டிரெஸ்டன்னு ரெண்டாவது டிவிஷன் டீம். ஆட்டம் தொடங்க ஒரு வாரம் இருக்கும்போது புதுசா ரெண்டு பேருக்கு நோய் வந்து மொத்த டீமும் 14 நாள் வீட்டுக்குள்ள. மத்தவங்க ஆடுறாங்க, அவங்க ஆடல. திரும்பி வந்ததும் விட்ட ஆட்டத்தையெல்லாம் மூணு நாளைக்கு ஒண்ணா ஆடணும். அவங்கதான் அட்டவணையில கடைசி. இதுல யாருக்கு என்ன சமநீதி?

உங்க கிளப்பையே எடுத்துக்க. மார்ச் 11ல மட்ரிட் டீம் அட்லெட்டிகோவோட ஆட்டம். ஸ்பெயின்ல அந்த வாரம் ஆளில்லாமத்தான் ஆடணும்னு உத்தரவு. ஆனா மட்ரிட்ல இருந்து 3,000 பேர் லிவர்பூலுக்கு வந்து 50 ஆயிரம் பேரோட சேர்ந்து உட்கார்ந்தாங்க. அதுக்கு முன்னாடி பிப்ரவரி 19ல இத்தாலியில, பெர்காமோ டீம் அத்தலாந்தாவோட ஆட்டம். பெர்காமோவுல இருந்து சுமார் 40 ஆயிரம் பேர் மிலானுக்குப் போய் கத்தி, கட்டிப்பிடிச்சு, திரும்பி வந்தாங்க. அந்த ஊர்ல அடுத்த மாசம் சவப்பெட்டியை ராணுவ லாரி ஏத்திக்கிட்டுப் போனதை நாம எல்லாரும் பார்த்தோம். அன்னைக்கும் 'ஒண்ணும் ஆகாது'ன்னுதான் எல்லாரும் சொன்னாங்க.

சிவப்பு1990
21 மே, காலை 9.41

அது ரெண்டும் ஆள் வச்சு நடத்தின ஆட்டம் அண்ணே. அது தப்பு, லிவர்பூல் ரசிகனாவே சொல்றேன். இப்ப பேசுறது பூட்டின அரங்கம்.

லீட்ஸ்காரன்
21 மே, மதியம் 1.15

எல்லாரும் முதல் டிவிஷனையே பேசுறீங்க. லீட்ஸ் 71 புள்ளியோட ரெண்டாவது டிவிஷனான சாம்பியன்ஷிப்புல முதல் இடம், வெஸ்ட் பிராம் 70. ஒன்பது ஆட்டம் பாக்கி. 2004ல கீழ இறங்கினோம், 16 வருஷம் ஆச்சு. காகிதத்துல கணக்குப் போட்டு எங்களை மேலே ஏத்தினா காலம் பூரா 'கொரோனாவுல ஏறினவன்'னு சொல்வாங்க. ஏத்தாம விட்டா இன்னொரு வருஷம். எனக்குத் திடல்ல முடிவு தெரியணும்.

மஞ்சள்கறுப்பு
21 மே, மதியம் 2.50

இங்கிலாந்து, ஜெர்மனி, இத்தாலி எல்லாம் வந்தாச்சு. நம்ம பேரா மாநில டீமைப் பத்தி ஒருத்தரும் வாய் திறக்கல.

மலேசிய சூப்பர் லீக் பிப்ரவரி 28ல தொடங்கி நாலு சுற்றோட நின்னுச்சு. மீதியைக் குறைச்சு செப்டம்பர்ல ஆடலாம்னு பேச்சு. 762 மில்லியன் பவுண்டு இல்லாத லீக் இது. சம்பளப் பாக்கி நம்ம நாட்டுப் பந்துக்குப் புதுசும் இல்ல. ஆட்டக்காரர் சங்கம் சம்பள வெட்டைப் பத்தி ஏப்ரல்ல இருந்தே கேள்வி கேட்டுக்கிட்டு இருக்கு. சீசன் மொத்தமா நின்னா நம்ம ஆட்டக்காரர்கள்ல பாதிப் பேர் அடுத்த வருஷம் வேற வேலை தேடணும். 2018ல மலேசியக் கிண்ணம் வாங்கின மாநிலம் இது, அந்த ராத்திரி நம்ம டவுன்ல ஹாரன் சத்தம் எவ்வளவு நேரம் நிக்கலன்னு எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். அந்த அக்கறை இப்ப எங்க போச்சு? ஆளில்லாம ஆடினாலும் சரி, ஆட வைக்கணும்.

அதுக்கும் கீழ இருக்கிற பந்தைப் பத்திப் பேசவே ஆள் இல்ல. எங்க தோட்டத்துத் திடலுக்கு நேத்து போய்ப் பார்த்தேன். கோல் வாசல்ல எந்தக் காலத்துலயும் புல் முளைக்காத மண்ணு, கீப்பர் கால் தேய்ச்சுத் தேய்ச்சு வழுவழுன்னு இருக்கும். இப்ப அங்கயே புல் ஏறிக் கணுக்கால் உயரம் நிக்குது. வருஷா வருஷம் ஏழு பேர் ஆட்டம் வச்சு, பதினாறு வயசுப் பசங்களைக் கிளப் ஆளுங்க வந்து பார்த்து எடுத்துட்டுப் போவாங்க. இந்த வருஷம் பதினாறு வயசானவனுக்கு அடுத்த வருஷம் பதினேழு. அவனுக்காக யார் விவாதம் பண்றா?

கிராணிமகன்
21 மே, மாலை 4.10

மஞ்சள்கறுப்பு சொல்வதை முழுதாக ஏற்கிறேன். அதோடு ஒன்று. நடமாட்டக் கட்டுப்பாடு மார்ச் 18ல் வந்தது. செம்பனைத் தோட்டங்கள் அனுமதி வாங்கி வேலையைத் தொடர்ந்தன. காலையில் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) வரும்போது நெற்றியில் காய்ச்சல் பார்த்து, இடைவெளி விட்டு நிற்கவைத்து அனுப்புகிறார்கள். நம் மக்கள் மாதம் ஆயிரத்துச் சொச்ச ரிங்கிட்டுக்கு அப்படி வேலை செய்யலாம் என்றால், வாரத்துக்கே லட்சக்கணக்கில் வாங்குபவர், அதுவும் வாரம் இரண்டு பரிசோதனையோடு, ஏன் செய்யக் கூடாது?

பாடாங்_பின்வரிசை
21 மே, மாலை 6.35

ஐயா, நான் செம்பனைக் குலை வெட்டுறவன். நீங்க சொன்ன ஆளு நான்தான். அதனால இதுக்கு நானே பதில் சொல்றேன்.

பழம் பழுத்தா வெட்டித்தான் ஆகணும். வெட்டின குலை 24 மணி நேரத்துக்குள்ள ஆலைக்குப் போகலன்னா எண்ணெய்ல அமிலம் ஏறிடும். சீசன் அப்படி அழுகாது. செப்டம்பர்ல ஆடினாலும் அதே 82 புள்ளிதான். அப்புறம், என் கையில இருக்கிற கம்பு நீளத்துக்கே பக்கத்துல யாரும் வர முடியாது. நிரைக்கு ஒரு ஆள். நாள் பூராவும் நான் ஒருத்தரையும் தொடுறது இல்ல. கார்னர் கிக்ல இருபது பேர் ஒருத்தன் மூஞ்சிமேல ஒருத்தன் மூச்சு விட்டுக்கிட்டு நிப்பான். ரெண்டு வேலையும் ஒண்ணு இல்ல.

என்னைக் கேட்டு யாரும் என்னை வேலைக்கு அனுப்பல. 'வேணாம்'னு சொல்ற உரிமை எனக்குக் கிடைக்கல. எனக்குக் கிடைக்காததால டீனிக்கும் கிடைக்கக் கூடாதுன்னு நான் எப்படிச் சொல்லுவேன்? அவருக்குக் கிடைச்சா எனக்கும் கொடுன்னு நாளைக்கு நான் கேக்கலாம்.

இரவுப்பணி
21 மே, மாலை 6.58

அண்ணன் சொல்றதுல ஒரு விஷயத்தைப் பிடிச்சுக்கணும். டீனி வரலன்னா சம்பளம் பிடிக்க மாட்டாங்க, சரி. ஆனா வாட்ஃபோர்ட் 27 புள்ளி, அதே 27ல இருக்கிற போர்ன்மத் கீழ இறங்குற இடத்துல நிக்குது. கேப்டன் இல்லாம ஆடித் தோத்து டீம் கீழ போனா, பழி யார் மேல? காகிதத்துல அவருக்கு உரிமை இருக்கு, மனசுல இல்ல. நேத்தே கண்டபடி எழுத ஆரம்பிச்சுட்டாங்க, அவர் பிள்ளையையும் விடல.

பாடாங்_பின்வரிசை
21 மே, இரவு 7.20

அதான் தங்கச்சி நானும் சொல்ல வந்தேன். இந்த வருஷம் யாரையும் கீழ இறக்காதீங்க. அப்ப பயப்படுறவர் நிம்மதியா வீட்டுல இருக்கலாம், சாம்பியன் கிண்ணத்தைத் தம்பி வாங்கிக்கட்டும்.

லீட்ஸ்காரன்
21 மே, இரவு 7.31

கீழ இறக்காம எங்களை மட்டும் எப்படி மேலே எடுப்பீங்க?

கிராணிமகன்
21 மே, இரவு 7.50

முடியும். 1995 வரை பிரீமியர் லீக்கில் 22 அணிகள்தான். இரண்டு பேரை மேலே ஏற்றி ஒரு வருடம் 22 வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒளிபரப்புப் பணத்தை 22ஆகப் பிரிக்க மற்ற கிளப்புகள் ஆதரவாகக் கையைத் தூக்க வேண்டும். அது சுலபமில்லை.

சிவப்பு1990
21 மே, இரவு 8.05

22 டீம்னா எனக்குச் சம்மதம். டீனியைத் திட்டி எழுதுறவனுக்குப் பதிலும் எழுதுறேன். ஆனா ஆட்டம் நடக்கணும்கிறதுல நான் மாறல. கிண்ணம் கையில வர்ற அன்னைக்கு நம்ம டவுன் லிவர்பூல் ஆளுங்க எல்லாரும் எங்க வீட்டுக்கு வாங்க, நான் செலவு பண்றேன்.

இரவுப்பணி
21 மே, இரவு 8.11

அதை மட்டும் செய்யாதே தம்பி. பூட்டின அரங்கத்துல ஆடினாலும் ஆளுங்க ஒரே வீட்டுல கூடினா எங்க வார்டுக்குத்தான் வேலை. ஞாயிற்றுக்கிழமை நோன்புப் பெருநாள். பெத்தவங்களைப் பார்க்க மாநிலம் தாண்டிப் போக முடியாம எங்க வார்டுலயே எத்தனை பேர் அழுதுகிட்டு இருக்காங்க தெரியுமா? அவனவன் வீட்டுல பாருங்க, இங்க வந்து எழுதுங்க.

சிவப்பு1990
21 மே, இரவு 8.14

சரிக்கா. அழைப்பை எடுத்துட்டேன். வீட்டுல அப்பாவோட மட்டும் பார்க்கிறேன்.

பாடாங்_பின்வரிசை
21 மே, இரவு 8.30

கீழ இறக்குறது இல்லன்னு இருபது கிளப்பும் முதல்ல கையெழுத்துப் போடட்டும். அன்னைக்கு நானும் டி.வி.யைப் போடுறேன். அது வரைக்கும் என் ஓட்டு 'வேண்டாம்'தான், தம்பி.