புதுப்பிப்பு: மெகா போர்டில் ஜிபிஎஸ் தரவு அடுத்த போர்ட்டுக்குப் போகிறது

ஜிபிஎஸ்ஸில் வரும் தரவை ரேடியோவுக்கு அனுப்ப முடியவில்லை என்று நான் கேட்டதற்கு உதவிய அனைவருக்கும் நன்றி. பின்னால் தேடி வருபவர்களுக்காக: அர்டுயினோ மெகா 2560 என்ற மைக்ரோகண்ட்ரோலர் போர்டில், முதல் சீரியல் போர்ட்டில் (Serial1) ஜிபிஎஸ், இரண்டாவதில் (Serial2) ரேடியோ, இரண்டும் 9600 வேகம் (விநாடிக்கு 9600 பிட்). கையால் தட்டச்சு செய்து அனுப்பினால் மறுபக்கம் போனது. ஜிபிஎஸ்ஸை இணைத்தால் ஓர் எழுத்தும் போகவில்லை.

காரணம், வரும் எழுத்துகளை மொத்தமாகப் படித்துத் தரும் ரீட்ஸ்ட்ரிங் (readString) கட்டளை. ஒரு விநாடி முழுக்க மௌனம் இருந்தால்தான் அது திரும்பும். ஜிபிஎஸ் விநாடிக்கு ஒருமுறை பேசுவதால் அந்த மௌனம் வாய்க்கவே இல்லை. அந்தக் காத்திருப்பை 50 மில்லிவிநாடியாகக் குறைக்கும்படி நீங்கள் சொன்ன யோசனையும் வேலை செய்தது. ஆனால் ஜிபிஎஸ் ஒருமுறை அனுப்பும் வரிகள் மொத்தமும் வந்து முடியும்வரை எதுவும் ரேடியோவுக்கு நகராது. எனக்கு உதவியது மற்றொரு யோசனை: படிக்கத் தரவு இருப்பதாக அவைலபிள் (available) காட்டும்வரை ஒவ்வொரு பைட்டாக (எழுத்தாக) ரீட் (read) செய்து, அப்படியே ரேடியோவுக்கு ரைட் (write) செய்வது. இரண்டு வரி நிரல், அவ்வளவுதான்.

எதிர்பாராதது ஒன்று. அதன்பிறகும் சில வரிகள் வால் அறுந்து வந்தன. சோதனைக்காக ஒவ்வொரு பைட்டுக்கும் கணினித் திரையில் 'வந்தது' என அச்சிட்ட வரியே அதற்குக் காரணம். திரைக்கான வேகமும் 9600. அனுப்பும் இடையகம் (தரவு தற்காலிகமாகக் காத்திருக்கும் நினைவிடம்) நிரம்பியதும், அச்சிடும் பிரிண்ட் கட்டளை இடம் கிடைக்கும்வரை அங்கேயே நின்றுவிடுகிறது. அதுவரை ஜிபிஎஸ் தரவு சேரும் பெறும் இடையகமோ 64 பைட். 9600 வேகத்தில் ஏறத்தாழ 67 மில்லிவிநாடியில் நிரம்பிவிடும், பிறகு வருவது தொலையும். இடையகத்தை 256 ஆக்கியது இழப்பைத் தள்ளிப்போட்டதே தவிர நிறுத்தவில்லை. அச்சு வரியை நீக்கியதும் எல்லா வரிகளின் செக்சம்மும் (வரி பிழையின்றி வந்ததா எனக் காட்டும் சரிபார்ப்பு எண்) சரியாக வருகிறது.