தைராய்டு மாத்திரை விடாமல் போட்டும் டி.எஸ்.எச். 9.8, சாப்பாட்டில் இன்னும் எதை நிறுத்துவது?

பனியன்_ஊர்க்காரி:
வயது 38. ஹைப்போதைராய்டு, அதாவது தைராய்டு குறைவாகச் சுரக்கிறது என்று தெரிந்து மூன்று வருடம், 75 மைக்ரோகிராம் மாத்திரை. தைராய்டு குறைந்தால் ஏறுகிற அந்த டி.எஸ்.எச். ரத்த அளவு போன வருடம் 3.2, போன வாரம் 9.8. ஒரு நாள்கூட மாத்திரை விட்டதில்லை. மாமியார் சொன்னார் என்று முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி மூன்றையும் நிறுத்தி ஆறு மாதம் ஆகிறது, சாதா உப்புக்குப் பதில் இந்துப்பு, காலையில் தினமும் கம்பங்கூழ். இவ்வளவு பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டும் முடி கொத்துக் கொத்தாகக் கொட்டுகிறது, மதியம் மூன்று மணிக்குத் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடியே தூக்கம் வருகிறது. இன்னும் எதை விடணும்? கெல்ப் பாசி மாத்திரை வாங்கிச் சாப்பிடு என்று கம்பெனியில் ஒருவர் சொல்கிறார், வாங்கலாமா?

நைட்_டியூட்டி:
நிறுத்துவதை விடுங்க அக்கா. மாத்திரையை எத்தனை மணிக்கு, எதோடு போடுகிறீர்கள்? வேறு மாத்திரை ஏதாவது இருக்கிறதா?

பனியன்_ஊர்க்காரி:
காலை ஐந்தரைக்குக் காபி ஆற்றும்போதே வாயில் போட்டு அந்தக் காபியிலேயே விழுங்கிவிடுவேன், தனியாகத் தண்ணீர் குடிக்க எங்கே நேரம்? முதுகுவலிக்கு எழுதிக்கொடுத்த கால்சியம் மாத்திரை நாலைந்து மாதமாக ஓடுகிறது, அது எட்டு மணிக்கு டிபனோடு.

நைட்_டியூட்டி:
பெரும்பாலும் இதுதான். காபியோடு போனால் மாத்திரை உடம்பில் சேர்வது குறைந்துவிடும். வெறும் வயிற்றில் தண்ணீரில் போட்டு, காபிக்கும் டிபனுக்கும் குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் விடுங்கள். கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் உங்கள் மாத்திரையில் இருக்கிற தைராக்சின் ஹார்மோனைக் குடலில் பிடித்து வைத்துக்கொள்ளும், அதனால் நாலு மணி நேர இடைவெளி வேண்டும், மதியச் சாப்பாட்டுக்கு மாற்றிவிடுங்கள். காலையில் முடியாதென்றால் இரவு சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், டாக்டரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள். டோஸை நீங்களே கூட்ட வேண்டாம். அப்புறம், முடிக்காக பயோட்டின் வைட்டமின் மாத்திரை சாப்பிடுகிறீர்கள் என்றால் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே நிறுத்துங்கள், டி.எஸ்.எச்.சை இருப்பதைவிடக் குறைத்துக் காட்டிவிடும்.

உப்புமா_வெறுப்பாளர்:
இந்துப்பை முதலில் தூக்கிப் போடுங்கள்! அயோடின் இல்லாமல்தான் டி.எஸ்.எச். ஏறியிருக்கும்.

கரண்டி_கணக்கு:
அவசரப்படாதீங்க சார். ஹார்மோனையே மாத்திரையாக விழுங்குகிறவருக்கு உப்பு மாறியதால் மட்டும் இவ்வளவு ஏறாது. ஆனாலும் இந்துப்பு வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன், காரணம் வேறு: வீட்டில் எல்லோருக்கும் அதே உப்பில்தானே சமையல்? பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் அயோடின் வேண்டும், கர்ப்பிணிக்கு 250. சாதாரண இந்துப்பில் அது இருக்காது. அயோடின் உப்பு என்றால் நம் கைக்கு வரும்போது கிலோவுக்கு 15 மில்லிகிராமாவது இருக்க வேண்டும் என்பது இங்கே சட்டம். ஐந்து கிராம் உப்பிலேயே பாதித் தேவை தீர்ந்துவிடும், மிச்சத்தை மீன், முட்டை, பால், தயிர் பார்த்துக்கொள்ளும். உப்பு ஜாடியை அடுப்புப் பக்கம் திறந்து வைக்காதீர்கள்.

கெல்ப் வேண்டவே வேண்டாம். அதில் அயோடின் தாறுமாறாக இருக்கும். நம் உடம்பே நம் தைராய்டைத் தாக்குகிற ஹாஷிமோட்டோ வகை என்றால் கூடுதல் அயோடினால் இன்னும் மோசமாகும். உங்களுக்கு எந்த வகை என்று ஆன்டிபாடி டெஸ்டில் தெரியும், எடுத்ததுண்டா?

முட்டைக்கோஸ் பாவம். வேகவைத்துப் பொரியலாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது, பச்சையாகக் கிலோக்கணக்கில் ஜூஸ் அடித்துக் குடித்தால்தான் யோசிக்கணும். உண்மையில் தைராய்டு வேலையைத் தடுக்கிற பொருள் கம்பிலும் இருக்கிறது, அதை யாரும் சொல்லமாட்டார்கள், கம்பு நம்ம ஊர்ப் பெருமை ஆச்சே! வாரம் இரண்டு நாள் கூழ் போதும், மற்ற நாள் இட்லியோ முட்டையோ சாப்பிடுங்கள்.

பனியன்_ஊர்க்காரி:
ஆன்டிபாடி டெஸ்ட் எடுத்ததில்லை, சனிக்கிழமை டாக்டரிடம் கேட்கிறேன். காபியைப் பற்றி மூன்று வருடமாக ஒருவரும் வாயைத் திறக்கவில்லையே! இன்று ஐந்தரைக்குத் தண்ணீரில் மாத்திரை, ஆறரைக்குக் காபி, அந்த ஒரு மணி நேரமும் தலைவலி மண்டையைப் பிளந்தது.

நைட்_டியூட்டி:
ஒரு வாரத்தில் பழகிவிடும். ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்துத் திரும்ப டெஸ்ட் எடுங்கள், அதற்கு முன்னால் எடுத்தால் சரியாகத் தெரியாது.

பனியன்_ஊர்க்காரி:
சரி. ஆறு மாதம் கழித்து இன்று முட்டைக்கோஸ் பொரியல் வைத்தேன், தேங்காய் தூக்கலாகப் போட்டு. மாமியார் தட்டைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.