போலீஸுக்கு மட்டும் ஒரு சாவி கொடுத்தால் என்ன தப்பு?

நிலாமுற்றம்:
ரொம்ப நாளாக மண்டையைக் குடையும் கேள்வி, திட்டாமல் பதில் சொல்லுங்கள். வாட்ஸ்அப், சிக்னல் மாதிரி செயலிகளில் அனுப்புகிறவரையும் பெறுகிறவரையும் தவிர யாரும் செய்தியைப் படிக்க முடியாது, சரி. ஆனால் குழந்தைகளைச் சீரழித்து எடுத்த படங்களைப் பரப்புகிறவனுக்கும் அதே பூட்டுதானே காவல்? நீதிமன்ற உத்தரவு இருந்தால் மட்டும் திறக்கிற மாதிரி இன்னொரு சாவி செய்து பத்திரமாக வைக்க முடியாதா? வாரண்டோடு வந்தால் வீட்டுக் கதவைத் திறக்கிறோம், போனுக்கு மட்டும் என்ன தனிச் சலுகை?

பழம்பூட்டு:
செய்து பார்த்தாயிற்று. 1993-இல் அமெரிக்க அரசு, தொலைபேசிப் பேச்சைப் பூட்டுவதற்கு கிளிப்பர் சிப் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு சிப்பின் சாவியையும் இரண்டு துண்டாக்கி இரண்டு அரசு அமைப்புகளிடம் வைப்பது ஏற்பாடு, கிட்டத்தட்ட நீங்கள் சொல்வதுதான். அடுத்த வருடமே மேட் பிளேஸ் என்ற ஆய்வாளர் ஓட்டையைக் காட்டிவிட்டார். அரசுக்கு வழிவிடும் பகுதி ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண் வெறும் 16 பிட், அதாவது 65,536 வாய்ப்புகள்தான். கணினியை விட்டு மாற்றி மாற்றிப் போட்டால் ஏதோ ஒரு போலி பொருந்திவிடும், அப்புறம் சிப் ஜோராக வேலை செய்யும், அரசின் சாவி மட்டும் செல்லாது. யாரைப் பிடிக்கச் செய்தார்களோ அவன் நழுவிவிடுவான்.

உப்புக்காற்று:
கிளிப்பர் கதையை இன்னும் எத்தனை வருடம் சொல்வீர்கள்? ஒரு வடிவமைப்பு சொதப்பியது என்பதற்காக எதுவுமே முடியாதென்று ஆகிவிடுமா? அந்தரங்கம் அந்தரங்கம் என்கிறீர்களே, அந்தப் படத்தில் இருக்கும் குழந்தைக்கும் அந்தரங்கம் உண்டு, அது மட்டும் யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை.

பழம்பூட்டு:
உங்கள் கோபம் நியாயம்தான், மறுக்கவில்லை. ஆனால் சாவி நன்றாக இருந்தாலும் பிரச்சினை போகாது. கிரீஸில் வோடஃபோன் எக்ஸ்சேஞ்சில் சட்டப்படி ஒட்டுக்கேட்க என்று மென்பொருளில் இருந்த வசதியை யாரோ திருட்டுத்தனமாக முடுக்கிவிட்டு, 2004-இலிருந்து 2005 வரை மாதக்கணக்கில் நூற்றுக்கும் மேற்பட்ட போன்களைக் கேட்டார்கள். அதில் பிரதமரின் போனும் ஒன்று!

வழிப்போக்கன்:
வாரண்ட் ஒப்பீடே இடிக்கிறது. வாரண்ட் ஒரு வீட்டுக்கு, வீட்டுக்காரன் கண்முன்னே. நீங்கள் கேட்பது எல்லா வீட்டுக்குமான சாவி, திறந்தது யாருக்கும் தெரியாது. போலீஸுக்கு வேறு வழியே இல்லை என்பதும் சரியில்லை. யார் யாரோடு எப்போது பேசினார் என்பதை இந்தப் பூட்டு மறைப்பதில்லை. 2020-இல் குற்றவாளிகள் அதிகம் பயன்படுத்திய எங்க்ரோசாட் என்ற பூட்டிய போன் சேவையை பிரெஞ்சு, டச்சு போலீஸ் உடைத்தது அந்த போன்களுக்குள் புகுந்துதான், உலகத்தின் பூட்டையெல்லாம் தளர்த்தி இல்லை. அது கிடக்கட்டும், வாட்ஸ்அப்பில் அரட்டை பூட்டியிருந்தாலும் பேக்கப் பூட்டியிருக்காது, அதை நாமே தனியாக ஆன் செய்ய வேண்டும். உங்கள் போனில் போய்ப் பாருங்கள்.

நிலாமுற்றம்:
பார்த்தேன், ஆஃப் என்றுதான் இருந்தது. கடவுச்சொல் வைக்கிறாயா, 64 இலக்கச் சாவி வேண்டுமா என்று கேட்டது, தொலைத்தால் யாராலும் மீட்டுத் தர முடியாது என்று ஒரு எச்சரிக்கை வேறு. உப்புக்காற்று கேட்டதற்கு இங்கே யாரும் முழுசாகப் பதில் சொல்லவில்லை என்றுதான் இப்போதும் நினைக்கிறேன். ஆனால் கை என்னவோ அதை ஆன் செய்துவிட்டது.