டக் ராக் (1983): கலப்பா, களவா?

தறிச்சத்தம்:
நேற்று ராத்திரி இங்கிலாந்துக்காரர் மால்கம் மெக்லாரனின் 'டக் ராக்' ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசி வரை கேட்டேன். கேட்டுப் பத்து வருஷம் இருக்கும். தென்னாப்பிரிக்கக் கறுப்பினத்தவர் குடியிருப்புகளின் ஆட்ட இசையான டவுன்ஷிப் ஜைவ், மேற்கு ஆப்பிரிக்காவின் யோருபா தெய்வங்களை அழைக்கும் பாட்டு, அமெரிக்க மலைக்கிராமத்து ஃபிடில், நியூயார்க்கில் வானொலி நடத்திய சுப்ரீம் டீம் டி.ஜே.க்களின் பேச்சு, அதற்கு நடுவே ஸ்க்ராட்ச், அதாவது ஓடும் தட்டைக் கையால் முன்னும் பின்னும் இழுத்து எழுப்பும் சத்தம். எல்லாம் ஒரே தட்டில்.

ஆல்பத்துக்கு முந்தின வருஷமே வந்த அதன் 'பஃபலோ கேல்ஸ்' பாட்டின் வீடியோவில்தான் இங்கிலாந்தில் பலர் ஸ்க்ராட்ச் என்றால் என்ன என்றே பார்த்தார்கள். ராக் ஸ்டெடி க்ரூ என்ற நியூயார்க் பிரேக் டான்ஸ் குழுவின் பையன்கள் தரையில் சுழல்கிறார்கள், பின்னால் ஒருவர் சுவரில் ஸ்ப்ரே அடிக்கிறார். பாட்டு என்னவோ 1840களிலிருந்து வரும் பழைய அமெரிக்க மெட்டு. கிராமத்து நடனத்தில் ஒருவர் நின்று கட்டளை கூவுவாரே, அந்தக் கூவலை ஹிப்-ஹாப் தாளத்தின் மேல் வைத்துவிட்டார் மனுஷன். அமெரிக்கப் பாடகர் பால் சைமன் தென்னாப்பிரிக்கக் கலைஞர்களோடு செய்த 'கிரேஸ்லேண்ட்' ஆல்பம் 1986இல் வந்தது. மூன்று வருஷம் முன்பே ஜோகன்னஸ்பர்க் போய்ப் பதிவு செய்தவரைப் பற்றி ஏன் யாரும் பேசுவதில்லை?

கரிசல்காடு:
பேசுவோம் தம்பி. அதே ஆல்பத்தில் 'டபுள் டச்' இருக்கிறது. இங்கிலாந்துப் பட்டியலில் 3ஆம் இடம் வரை போன பாட்டு. எழுதியவர்கள் என்று போட்டிருப்பது இரண்டு பேர்: ஆல்பத்தின் தயாரிப்பாளர் ட்ரெவர் ஹார்ன், மால்கம் மெக்லாரன். இப்போது பொயோயோ பாய்ஸ் என்ற தென்னாப்பிரிக்கக் குழுவின் 'புலெங்' பாட்டைக் கேளுங்கள். 1970களில் வந்தது. கேட்ட பத்தாவது நொடியில் விஷயம் புரிந்துவிடும். விவகாரம் வழக்குவரை போய், கடைசியில் வெளியே பேசி முடித்தார்கள். அந்தப் பக்கத்துக்குப் பணம் வந்தது. ஆனால் பாட்டை எழுதியவர்கள் அந்த இரண்டு பேர்தான் என்பது மாறவில்லை.

பணத்தைக் கொடுத்துவிட்டுப் பெயரைத் தன்னிடமே வைத்துக்கொள்வதற்கு என்ன பேர் வைப்பது?

தறிச்சத்தம்:
அண்ணா, ஹிப்-ஹாப் பிறந்ததே எடுத்தாள்வதில்தானே? ஜமைக்காவில் பிறந்த டி.ஜே. கூல் ஹெர்க், 1973 ஆகஸ்ட் 11 அன்று பிராங்ஸில் தங்கை வைத்த விருந்தில் ஓட்டியது யாருடைய தட்டுகள்? அடுத்தவர் பாட்டில் டிரம் மட்டும் தனியாக வரும் இடத்தைப் பிடித்துத் திரும்பத் திரும்ப ஓட்டினார். யாரிடமும் அனுமதி கேட்கவில்லை. 1982இல் இன்னொரு பிராங்ஸ் டி.ஜே. பம்பாட்டாவின் 'பிளானட் ராக்' ஜெர்மனியின் எலெக்ட்ரானிக் இசைக்குழு கிராஃப்ட்வெர்க்கின் மெட்டை அப்படியே வாசித்து வைத்தது. அதைக் கொண்டாடுகிறோம். மெக்லாரன் செய்தால் மட்டும் களவா?

கரிசல்காடு:
கிராஃப்ட்வெர்க்குக்குப் பின்னால் கம்பெனி இருந்தது. தங்கள் மெட்டு நியூயார்க்கில் ஓடுகிறது என்று தெரிந்தால் கதவைத் தட்ட ஆள் இருந்தது. ஜோகன்னஸ்பர்க்கின் கறுப்பினத்தவர் குடியிருப்பான சொவெட்டோவில் வாசித்தவனுக்கு யார் இருந்தார்கள்? 1983 என்றால் நிறவெறி ஆட்சி முழு வேகத்தில் நடந்த காலம். சொந்த ஊரில் எங்கே தங்கலாம், எங்கே நடக்கலாம் என்பதற்கே பாஸ் புத்தகம் காட்ட வேண்டும். அவன் லண்டனில் போய் வழக்குப் போடுவானா?

இதில் பழைய புண் ஒன்றும் இருக்கிறது. சாலமன் லிண்டா என்ற ஜூலு பாடகர் 1939இல் 'ம்பூபே' பாடினார். உரிமையை கேலோ என்ற இசைத்தட்டுக் கம்பெனிக்குப் பத்து ஷில்லிங்குக்குக் கொடுத்தார். அதே மெட்டுதான் 1961இல் அமெரிக்காவில் சிங்கம் தூங்குகிறது என்ற பாட்டாகி உலகம் பூராவும் போனது. அடுத்த வருஷம் அவர் ஏழையாகவே செத்துப்போனார். அவர் பெண்களுக்கு 2006இல்தான் ஒரு தீர்வு கிடைத்தது. இந்தக் கதை நடந்த ஊருக்குத்தான் மெக்லாரன் டேப் ரெக்கார்டரோடு போய் இறங்கினார்.

ஒத்து:
இரண்டு பேர் சொல்வதையும் படித்துக்கொண்டிருந்தேன். நான் இருபது வருஷமாகக் கீபோர்டு வாசிக்கிறேன், பெரும்பாலும் மெல்லிசைக் கச்சேரி, இடையிடையே ரெக்கார்டிங். ஒருமுறை ஒரு ஸ்டுடியோவில், பாட்டின் ஆரம்பத்துக்கு ஏதாவது வாசியுங்கள் என்றார்கள். நாலு பார், அதாவது நாலு தாளச் சுற்று, வாசித்தேன், அங்கேயே தோன்றியது. கவரில் பணம் வந்தது, வீட்டுக்கு வந்துவிட்டேன். பிறகு டீக்கடையில், பஸ்ஸில், பக்கத்து வீட்டுப் பையனின் செல்போனில் என்று எங்கே போனாலும் அந்த நாலு பார்தான். யாரும் ஏமாற்றவில்லை. பேசிய தொகை கொடுத்தார்கள். ஆனாலும் 'இது நான் வாசித்தது' என்று என் மகளிடம் சொன்னபோது அவள் தட்டின் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

அதனால் எனக்கு இது பணக் கணக்கு மட்டும் இல்லை.

நடுநிசி:
மனு டிபாங்கோவை மறந்துவிட்டீர்களே. கேமரூன்காரர், சாக்ஸபோன். 1972இல் ஆப்பிரிக்கக் கால்பந்துக் கோப்பைக்காக ஒரு பாட்டுப் போட்டார். தட்டின் மறுபக்கத்தில் இடம் இருந்ததால் வைத்தது 'சோல் மக்கோசா'. நியூயார்க்கில் டேவிட் மான்குசோ அதன் பிரதி ஒன்றைக் கடையில் கண்டெடுத்துத் தன் விருந்துகளில் ஓட்டினார், ஊரே தேட ஆரம்பித்தது. 1973இல் அமெரிக்கப் பட்டியலில் 35ஆம் இடம். மக்கோசா என்பது துவாலா மொழிச் சொல், ஆட்டத்தைக் குறிப்பது. அந்தச் சொல்லை அவர் உடைத்து உடைத்துச் சொல்லும் அடுக்கு இருக்கிறதே, அதுதான் 1982இல் மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பத்தின் முதல் பாட்டில் வருகிறது. அதுவும் பேசி முடித்ததுதான். 2007இல் ரிஹானா பாட்டில் மறுபடி வந்தது, மறுபடி பாரிஸில் வழக்கு.

உலகத்தில் பாதிப் பேர் அந்த அடுக்கைப் பாடியிருப்பார்கள். துவாலா என்று ஒரு மொழி இருப்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

தறிச்சத்தம்:
அது சரி, நடுநிசி. ஆனால் ஒன்று கேட்கிறேன். டிபாங்கோ மட்டும் சுத்தமான கேமரூன் இசையா வாசித்தார்? அமெரிக்க ஃபங்கைக் கலந்துதானே அந்தப் பாட்டே வந்தது? பொயோயோ பாய்ஸ் கையில் இருந்த எலெக்ட்ரிக் கிட்டாரும் சாக்ஸும் எந்த ஊர்? கலப்பை நிறுத்தினால் இவர்கள் யாரும் மிஞ்ச மாட்டார்கள். நம்ம ஊரிலும் கும்மிப் பாட்டு மெட்டுப் படத்துக்கு வருகிறது, இசை என்று ஒருவர் பெயர் வருகிறது, பாடிக் காட்டிய பாட்டியின் பெயர் வருவதில்லை. அதற்காக அந்தப் பாட்டே வந்திருக்கக் கூடாது என்பீர்களா?

கரிசல்காடு:
கலக்கக் கூடாது என்று நான் எங்கே சொன்னேன்? பாட்டியின் பெயரைப் போடு என்கிறேன். போட முடியும் என்பதற்கு 'கிரேஸ்லேண்ட்' சாட்சி. நிறவெறி ஆட்சிக்கு எதிரான ஐ.நா.வின் கலாச்சாரப் புறக்கணிப்பை மீறி அங்கே போனதற்காக பால் சைமனை நானும் மன்னிக்கவில்லை, அது வேறு சண்டை. ஆனால் முதல் பாட்டில் அக்கார்டியன் வாசித்த ஃபொரேரே மொட்லொஹெலோவாவின் பெயர் எழுதியவர் வரிசையில் இருக்கிறது. 'ஹோம்லெஸ்' பாட்டில் தென்னாப்பிரிக்கப் பாடகர் ஜோசஃப் ஷபலாலா பெயர் இருக்கிறது. மூன்றே வருஷ வித்தியாசம்.

தறிச்சத்தம்:
இதற்கு என்னிடம் பதில் இல்லை அண்ணா. ஆனால் 'டபுள் டச்'சில் மெக்லாரன் செய்தது ஒன்றுமே இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். டபுள் டச் என்பது நியூயார்க் தெருக்களில் பெண்பிள்ளைகள் ஆடுவது. இரண்டு கயிறு, எதிரெதிராகச் சுற்றும். உள்ளே போகப் போகிறவள் ஓரத்தில் நின்று உடம்பை முன்னும் பின்னும் அசைத்துக்கொண்டே கயிற்றின் கணக்கைப் பிடிப்பாள், சட்டென்று நுழைவாள். அந்த ஜைவ் கிட்டாரும் அப்படித்தான். மேல் சுருதியில் ஒரு சின்னச் சொற்றொடர் சுற்றிக்கொண்டே இருக்கும், பாஸ் கிட்டார் இடம் பார்த்து உள்ளே விழும். ஹார்லெம் பிள்ளைகளின் கயிறும் சொவெட்டோவின் கிட்டாரும் ஒரே கணக்கில் சுற்றுகின்றன என்று கண்டது யார்? அது ஒரு காது.

கரிசல்காடு:
ஒப்புக்கொள்கிறேன். அந்தக் காது அவருடையது. கயிற்றையும் கிட்டாரையும் கட்டியது அவர்தான், அதற்கு அவர் பெயர் இருக்கட்டும், நான் அழிக்கச் சொல்லவில்லை. 'புலெங்' போட்டவர்களின் பெயர் அதற்கு மேலே வர வேண்டும். கீழே என்றால்கூட இப்போதைக்குச் சரி.

ஒத்து:
நான் 'புலெங்' கேட்டதில்லை. இப்போதுதான் தேடி எடுத்தேன். முதலில் இதைக் கேட்கிறேன், 'டபுள் டச்' அப்புறம்.