ஜிம் அட்டை கொடுத்தும் வேலை தேங்குகிறது: விரிவுரையாளர் நலத் திட்டத்தை எங்கே தொடங்குவது?

பங்சார்வாசி:
வணக்கம். கோலாலம்பூரில் ஒரு தனியார் பல்கலைக்கழகம். அடுத்த செமஸ்டருக்கு விரிவுரையாளர் நலத் திட்டம் கேட்கிறார்கள். ஜிம் அட்டை, குடும்ப தினம் எல்லாம் ஏற்கெனவே இருக்கு. ஆனாலும் தேர்வுத் தாள்கள் தாமதமாகின்றன, ஆய்வுக் கட்டுரைக்கான கேபிஐ (செயல்திறன் இலக்கு) எட்டவில்லை. எதை முதலில் கவனிக்கலாம்?

செந்தூல்_டீச்சர்:
ஜிம்மை விடுங்க. உங்கள் வேலைப்பளு அட்டவணை வகுப்பு நேரத்தை மட்டும் எண்ணுகிறதா? கோளாறு அங்கேதான். வாரம் 3 மணி, 14 வாரம்: ஒரு பாடத்துக்கு 42 மணி. அதில் 60 மாணவர்கள் என்று வையுங்கள். ஆளுக்கு 2 இடுபணி, தலா 15 நிமிடம். இறுதித் தாளுக்கு 20 நிமிடம். திருத்த மட்டும் 50 மணி! 20 பேர் வகுப்பென்றால் 17 மணிக்குள் முடியும். அட்டவணையிலோ இந்த இரண்டு வகுப்பின் விரிவுரையாளர்களுக்கும் அதே 3 மணி. தலைக்கணக்கையும் சேருங்கள், பெரிய வகுப்புக்குத் திருத்த உதவியாள் கொடுங்கள். தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் ஈடாக சனிக்கிழமை வைக்கிற மாற்று வகுப்பும் யார் கணக்கிலும் வருவதில்லை.

பாயான்பாரு:
சட்டத்தையும் பாருங்க. 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தில் வாரத்துக்கு 45 மணிதான் உச்சம். சம்பளம் 4,000 ரிங்கிட்டுக்கு மேல் என்றால் ஓவர்டைம் காசு கேட்க முடியாது. ஆனால் 45 மணி வரம்பு அவர்களுக்கும் உண்டு. பிரசவ விடுப்பு 98 நாள், அதாவது சரியாக 14 வாரம், முழு செமஸ்டர். மாற்று ஆளை முன்பே பிடிக்காவிட்டால் அந்தப் பாடம் பக்கத்து மேசைக்காரர் தலையில் விழும். வருகிறவருக்கும் 555 சட்டப்படி (தனியார் உயர்கல்வி நிறுவனச் சட்டம்) கற்பித்தல் அனுமதி வேண்டும். நெகிழ்வு நேரத்துக்கு எழுத்தில் விண்ணப்பித்தால் முதலாளி 60 நாளில் எழுத்தில் பதில் தரணும், மறுத்தால் காரணமும் சொல்லணும். செமஸ்டர் தொடங்கிய பிறகு கேட்டால் பதில் வருவதற்குள் பாதிக்கு மேல் ஓடிவிடும். கால அட்டவணை போடுவதற்கு இரண்டு மாதம் முன்பே விண்ணப்பம் வாங்குங்க. (அரசுப் பல்கலைக்கழக விதிகள் வேறு. யூஎஸ்எம் (மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம்) நண்பர்களிடம் கேட்டுக் குழம்ப வேண்டாம்.)

பங்சார்வாசி:
நன்றி. கேபிஐ?

செந்தூல்_டீச்சர்:
வகுப்பே இல்லாத ஒரு முழு நாள் கொடுங்கள். இரண்டு வகுப்புக்கு நடுவே கிடைக்கிற ஒரு மணி நேரத்தில் யாரும் கட்டுரை எழுத மாட்டார்கள். விரிவுரையாளருக்கு மாணவர்கள் தரும் மதிப்பீட்டைப் போனஸோடு கட்டாதீர்கள். 12 பேர் வகுப்பில் இரண்டு பேருக்குக் கோபம் வந்தாலே சராசரி கவிழும். அப்புறம் எல்லாருக்கும் மதிப்பெண்ணை அள்ளி வீசத் தொடங்குவார்கள்.