காசல்ரே 1815-ல் போட்ட ரகசிய ஒப்பந்தம்: ராஜதந்திரமா, அத்துமீறலா?

மருதம்: நெப்போலியன் தோற்றபின் ஐரோப்பாவின் எல்லைகளை மறுபடி வகுக்கக் கூடிய வியன்னா மாநாட்டில் பிரிட்டிஷ் வெளியுறவு அமைச்சர் காசல்ரே செய்ததை எல்லாரும் சாதனை என்கிறார்கள். அங்கே பேசப்படும் எதற்காகவும் நாட்டைப் போரில் இழுத்துவிடக் கூடாது என்று 1814 நவம்பர் 27-ல் அமைச்சரவை அவருக்கு எழுதியது. 1815 ஜனவரி 3-ல் ஆஸ்திரியாவோடும், முந்தைய வசந்தம் வரை எதிரியாக இருந்த பிரான்சோடும், பிரஷ்யாவுக்கும் ரஷ்யாவுக்கும் எதிராக அவர் ராணுவ ஒப்பந்தம் போட்டார். அத்துமீறல்தான் இது.

நிலவன்: இடையில் நடந்ததை விட்டுவிட்டீர்கள். ஜெர்மானிய அரசான பிரஷ்யா, பக்கத்து ஜெர்மானிய நாடான சாக்சனி முழுவதையும் கேட்டது. டிசம்பர் கடைசியில் பிரஷ்யாவின் முதலமைச்சர் ஹார்டன்பெர்க், இதற்கு ஒப்பாவிட்டால் போர் அறிவித்ததாகவே கொள்வோம் என்றார். ஜனவரி 1-ல் கெண்ட் ஒப்பந்தச் செய்தி வந்தது. அமெரிக்காவோடு சமாதானம், பிரிட்டனுக்குக் கை ஒழிந்தது. லண்டனுக்கு எழுதிப் பதில் வாங்க வாரக்கணக்கில் ஆகும். அதுவரை பிரஷ்யா காத்திருக்குமா?

மருதம்: சரி, ஷரத்தைப் பாருங்கள். ஒவ்வொரு நாடும் தரவேண்டியது 1,50,000 வீரர்: காலாட்படை 1,20,000, குதிரைப்படை 30,000. அவ்வளவு பேரைப் பிரிட்டன் எங்கிருந்து திரட்டும்?

நிலவன்: திரட்டத் தேவையில்லை. ஆள் குறைந்தால் காலாளுக்கு 20 பவுண்டு, குதிரை வீரருக்கு 30 பவுண்டு கொடுத்துவிடலாம் என்று அதிலேயே இருக்கிறது. முழுதும் பணமாகக் கொடுத்தாலும் 33 லட்சம் பவுண்டு. 1814-ல் நேச நாடுகள் போட்ட ஷோமோன் ஒப்பந்தத்தில் நெப்போலியனுக்கு எதிராகப் பயன்பட்ட அதே கணக்குதான். கையெழுத்தான சில நாளிலேயே பிரஷ்யா இறங்கிவந்தது. சாக்சனி மக்களில் ஐந்தில் இரண்டு பங்குதான் அதற்குக் கிடைத்தது. லைப்சிக் நகரம் சாக்சனி அரசரிடமே நின்றது. ஒரு குண்டும் வெடிக்கவில்லை. பிறகு அமைச்சரவையும் ஒப்புதல் தந்தது.

மருதம்: சாக்சனிக்கு ஈடாக, பிரான்சை ஒட்டிய ரைன் ஆற்றுப் பகுதியைப் பிரஷ்யாவுக்குக் கொடுத்தார்களே! பின்னாளில் அதன் தொழில் பலமே அந்த மண்ணில்தான் வளர்ந்தது. இலையுதிர்காலம் முழுக்க அவர் போராடிய போலந்தோ பெரும்பகுதி ரஷ்யப் பேரரசரான ஜார் கைக்கே போனது.

நிலவன்: போலந்தில் தோற்றார், மறுக்கவில்லை. ரஷ்யப் படை அங்கேயே உட்கார்ந்திருந்தது. கடற்படையை வைத்துக்கொண்டு வார்சாவில் என்ன செய்ய முடியும்? ரைனில் பிரஷ்யாவை நிறுத்தியது பிரான்சுக்குத் தடுப்பாக. அன்றைய பயம் பிரான்ஸ்தான்.

மருதம்: அந்தப் பிரான்சை நம்பித்தான் ரகசியத்தை ஒப்படைத்தார்! மார்ச்சில் நெப்போலியன் திரும்பி வந்ததும் பிரெஞ்சு மன்னர் லூயி பாரிசை விட்டு ஓட, விட்டுப்போன காகிதங்களில் ஒப்பந்தப் பிரதி நெப்போலியனிடம் சிக்கியது. அவர் அதை ஜாருக்கே அனுப்பினார். நெப்போலியன் மீதான பகை பெரிதாக இருந்ததால்தான் கூட்டணி உடையவில்லை. அதில் காசல்ரேயின் திறமைக்குப் பங்கில்லை.